திரைக்கு உள்ளே வந்த கைகள்

நிந்தவூரில் ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு நெருங்கினால் எந்த வைத்தியசாலை என்ற பேச்சுக்கு முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடும்: "பொம்புள டொக்டர் இரிக்காவா?" மூத்தம்மா கேட்பார், மாமி கேட்பார், வயிற்றுப் பிள்ளைக்காரியும் தாழ்ந்த குரலில் கேட்பாள். வாப்பா வெளி விறாந்தையில் எதையும் கேட்காதவர்போல் நின்றுகொண்டு, பதிலுக்குக் காது கொடுத்திருப்பார். இன்று அதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் எங்கள் பிள்ளைகளே டொக்டர்களாகியிருக்கிறார்கள்.

பதில் இல்லாத காலம் ஒன்று இருந்தது. நூறாண்டுக்கு முந்திய ராவல்பிண்டியில் இதே கேள்விக்குப் பதில் இல்லாமல் பெண்கள் மாண்டுபோனார்கள். பர்தாவுக்குள் இருந்த பெண்ணை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது. பார்க்கத் தகுந்த பெண் வைத்தியரும் ஊரில் இல்லை. அந்த நெருக்கடி கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய சட்டம் ஒன்றை அசைத்து மாற்றியது என்பதை எங்கள் ஊரில் பலர் அறியார். முஸ்லிம் பெண்களின் நாணத்தை மதிக்க வேண்டுமென்று சில கிறிஸ்தவப் பெண்கள் பிடிவாதம் பிடித்து, அதற்காகத் தங்கள் சபையின் விதியையே மாற்றச் சொல்லி ரோமாபுரியின் வாசலில் போய் நின்றார்கள். இந்த வரலாற்றின் பெரிய வரிகளைவிட அதன் இடுக்குகளில் கிடக்கும் சின்னச் சின்ன விடயங்களே என்னை மயக்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆசை.

முதலில் அக்னஸ் மக்லாரன். 1837-இல் எடின்பரோவில் பிறந்தவர். ஸ்கொட்லாந்தில் பெண்கள் வைத்தியம் படித்துப் பட்டம் பெற வழியில்லாததால் பிரான்சின் மொன்பெலியேவுக்குப் போய்ப் படித்து 1878-இல் பட்டம் பெற்றார். அங்கே படித்த காலத்தில் பிரான்சிஸ்கன் கன்னியர் மடமொன்றில் தங்கியிருந்தார். அப்போது அவர் கத்தோலிக்கர் அல்லர். கன்னியரோடு இருந்து உண்டு, அவர்கள் தொழுவதைக் கண்டு, தன் வழியிலேயே இருந்தவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அறுபது வயதைத் தாண்டியபின்தான் அந்தச் சமயத்தில் சேர்ந்தார். அவசரப்படாத அந்த இருபது ஆண்டுகளை நான் மிகவும் மதிக்கிறேன். தன்னை யாரும் இழுக்கவில்லை என்பதை அனுபவத்தால் அறிந்தவர் அவர். பிறரையும் இழுக்காமல் வைத்தியம் செய்யலாம் என்ற எண்ணம் அங்கிருந்தே அவருக்குள் முளைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

ராவல்பிண்டியின் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் கப்பலேறினார். அந்த வயதில் எங்கள் மூத்தம்மாமார் தஸ்பீஹோடு ஒரு மூலையில் அமர்ந்துவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். மக்லாரனோ பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான புனித கத்தரீன் வைத்தியசாலையை அங்கே உருவாக்கப் பாடுபட்டார். பெண்ணைப் பெண்ணே தொட்டுப் பார்க்கும் இடமாக அது அமைய வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அந்த வைத்தியசாலையில் தாதியராகப் பணிசெய்தவர்கள் மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியர். இங்கே தமிழ் வாசகர் ஒரு கணம் நிற்க வேண்டும். அந்தச் சபை பிறந்த இடம் ரோமாபுரியுமல்ல, பாரிசுமல்ல. நீலகிரி மலையிலுள்ள உதகமண்டலம். நாந்த் நகரத்து எலன் தெ ஷப்போத்தன் என்ற பெண் 1865-இல் மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்து, மதுரையிலும் திருச்சியிலும் தூத்துக்குடியிலும் இருந்த மடங்களுக்குப் பொறுப்பாக இருந்தார். அப்போது அவர் இருந்த சபைக்குள் எழுந்த பிணக்கால் 1876-இல் அவரும் அவரோடு சேர்ந்த கன்னியரும், இருபது பேர், பழைய சபையை விட்டு விலகி உதகையில் ஒன்றுகூடினார்கள். மறுவருடம், 1877 ஜனவரி 6-இல், புதிய சபைக்குப் பாப்பரசர் அனுமதி கொடுத்தார். தங்கள் பழைய சபையை விட்டு வந்து மலைக்குளிரில் ஒதுங்கியிருந்த இருபது பெண்களிடமிருந்து கிளைத்த சபை அது. வெள்ளை அங்கியும் வெள்ளை முக்காடும் அவர்களின் உடை.

இலங்கைக்கும் அந்த வெள்ளை முக்காடு சீக்கிரமே வந்தது. 1886-இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் தாதிச் சேவைக்கு அந்தச் சபையின் கன்னியர் வந்து சேர்ந்தார்கள். நோயாளியைப் பராமரிப்பது கூலியாளின் வேலை என்று எண்ணப்பட்ட நாளில், படித்த பெண்கள் அந்த வேலையைக் கையிலெடுத்தார்கள். 1960களில் அரசாங்க வைத்தியசாலைகளிலிருந்து அவர்கள் வெளியேற வேண்டிவந்தது. அதன் அரசியலுக்குள் இங்கே நான் போகவில்லை.

ராவல்பிண்டிக்குத் திரும்புவோம். அங்கே இரண்டு முக்காடுகள் எதிரெதிரே நின்ற காட்சி நினைக்க நினைக்க இனிக்கிறது. ஒருத்தி இறைவனுக்கென்று தலையை மூடியவள். மற்றவளும் இறைவனுக்கென்றே தலையை மூடியவள். ஒருத்தியின் வேதம் மற்றவளுக்குத் தெரியாது. ஆனாலும் முக்காட்டை ஏன் போட்டிருக்கிறாய் என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் நுழையாத ஒரு வீட்டின் ஒழுங்கு மடத்துப் பெண்ணுக்குப் பழக்கமானது. அந்தப்புரத்துப் பெண்ணுக்கும் பழக்கமானது. சமய நல்லிணக்கம் பற்றி மேடைகளில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் இந்தச் சிறு ஒற்றுமை அளவுக்கு என் மனத்தைத் தொட்டதில்லை.

ஆனால் அந்த முக்காட்டுக்குள் ஒரு முள்ளும் இருந்தது. கன்னியாஸ்திரிகள் வைத்தியத் தொழில் செய்யத் திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பிரசவ வேலையோ பொதுவாக அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடலாம், புண்ணைக் கழுவலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். அந்தக் குழந்தை வெளியே வரும் வேளையில், தாய்க்கு ஒரு பெண்ணின் கை மிகவும் தேவைப்படும் அந்த வேளையில், கன்னியின் கை பின்வாங்க வேண்டும். மக்லாரன் இதைப் பொறுக்கவில்லை. முதிய வயதில் மீண்டும் மீண்டும் ரோமாபுரிக்குப் போய், கன்னியர் வைத்தியராக அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. 1913-இல் காலமானார்.

காலமாகுமுன் அவர் எழுதிய சில கடிதங்கள் ஒஸ்திரியாவின் மலைக்கிராமமொன்றில் பிறந்த அன்னா டெங்கல் என்ற இளம்பெண்ணைச் சென்றடைந்திருந்தன. வைத்தியராகி ராவல்பிண்டிக்குப் போக விரும்பியவர் அவர். பிரித்தானிய இந்தியாவில் வைத்தியம் பார்க்க அங்கே செல்லுபடியாகும் பட்டம் வேண்டும், அயர்லாந்தின் கோர்க் பல்கலைக்கழகத்துக்குப் போ என்று வழிகாட்டினார் மக்லாரன். இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. வழிகாட்டியவர் மறைந்தபின் உலகப்போர் மூண்டது. பிரித்தானியா ஆண்ட அயர்லாந்தில் ஒஸ்திரியப் பெண் எதிரிநாட்டுப் பிரசை. ஊரிலிருந்து உதவியும் இல்லை. அப்படியிருந்தும் படித்து 1919-இல் பட்டம் பெற்று, 1920-இல் ராவல்பிண்டி போய்ச் சேர்ந்தார். முகம் பாராத ஒரு கிழவிக்குக் கடிதத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒருத்தி போரையும் வறுமையையும் தாண்டி வந்தாள் என்றால், அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்பட்டது) என்று நாங்கள் சொல்வதன் முழு அர்த்தமும் அதில் இருக்கிறது.

அந்த வைத்தியசாலையில் டெங்கலே ஒரே டொக்டர். ஓய்வின்றி வேலை செய்து உடலும் மனமும் களைத்து, நான்கு ஆண்டுகளில் திரும்பினார். திரும்பியவர் ஓய்வெடுக்கவில்லை. 1925-இல் வாஷிங்டனில் இன்னொரு பெண் டொக்டரையும் இரண்டு தாதியரையும் சேர்த்துக்கொண்டு வைத்தியப் பணிக் கன்னியர் சபையைத் தொடங்கினார். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வைத்தியம் செய்யும் கன்னியரைச் சட்டம் ஏற்காது. ஆகவே அந்த நால்வரும் கன்னியர்போல் வாழ்ந்தார்கள், கன்னியர்போல் செபித்தார்கள், ஒரே உடை உடுத்தார்கள். பகிரங்க வார்த்தைப்பாடு மட்டும் கொடுக்கவில்லை. சட்டத்தை மீறவுமில்லை, வேலையை நிறுத்தவுமில்லை. சட்டம் தங்களிடம் வரும்வரை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். 1936 பெப்ரவரி 11-இல் ரோமாபுரியிலிருந்து ஆணை வந்தது. கன்னியர் வைத்தியமும் மகப்பேற்று உதவியும் செய்யலாம், அதற்குரிய பட்டங்களையும் பெறலாம் என்றது அது. மக்லாரன் கேட்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தச் சபையின் பட்னா திருக்குடும்ப வைத்தியசாலைக்குத்தான் 1948-இல் அன்னை தெரேசா முதலுதவி கற்கப் போனார். தானும் தன்னோடு சேரப்போகிறவர்களும் ஏழைகளைப்போல வெறும் சோறும் உப்பும் உண்டு வாழலாம் என்பது அவருடைய எண்ணம். வைத்தியக் கன்னியர் அதைக் கேட்டுப் பதறினார்கள். அப்படி உண்டால் நீங்களே காசநோயில் விழுவீர்கள், நோயாளிகளை யார் தூக்குவது என்று தடுத்தார்கள். அன்னை தெரேசா கேட்டுக்கொண்டார். அவர் சபையின் பிள்ளைகள் வயிறார உண்டு வேலைக்குப் போனார்கள். தியாகத்தின் ஆர்வத்தை வைத்திய அறிவு ஒரு கவளத்தால் நேராக்கிய இடம் அது. சேவை செய்பவர் பட்டினி கிடந்தால்தான் சேவை தூய்மையாகும் என்று நம்புகிறவர்கள் எங்களிடையேயும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

ராவல்பிண்டி பின்னர் பாகிஸ்தானின் ஊராயிற்று. அந்த நாட்டிலேயே இன்னொரு கன்னியின் கதை நடந்தது. ஜெர்மனியின் லைப்சிக்கில் 1929-இல் பிறந்த டொக்டர் ரூத் பாவ் இந்தியாவுக்குப் போகும் வழியில் 1960-இல் கராச்சியில் இறங்கினார். விசா சிக்கலால் அங்கேயே தங்க நேர்ந்தது. குடிசைப் பகுதியில் அவர் சபையைச் சேர்ந்த ஒரு மெக்சிகோப் பெண் நடத்திவந்த சிறு மருந்தகத்தைப் பார்க்கப் போனபோது, தன் வயதையொத்த ஓர் இளைஞர் தூசியில் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து வந்ததைக் கண்டார். தொழுநோயாளி. தான் தவழ்வதை அந்த இளைஞர் வழமையான ஒன்றாக ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதே ரூத் பாவை உலுக்கியது. நோயைவிட, நோயாளியின் அந்தப் பழகிப்போன தன்மையைக் கவனித்த கண் அது. இனித் தன் ஊர் கராச்சியே என்று அவருக்கு முடிவாகிவிட்டது.

முடிவெடுத்ததும் தனக்குத் தெரியாததைக் கற்கத் தமிழ்நாட்டுக்கு வந்தார். தொழுநோய்ச் சிகிச்சையை அவர் பயின்ற இடம் வேலூர். அங்கே டொக்டர் போல் பிரான்ட் அந்த நோயின் பெரும் புதிரொன்றை அவிழ்த்திருந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சூடும் காயமும் உறைக்காமல் அழிகின்றன. இரவில் விரல் காணாமற் போவதன் காரணத்தைத் தேடியபோது, தூங்குபவரின் மரத்த விரலை எலி கடிப்பது தெரியவந்தது. அதன்பின் நோயாளிகளுக்குக் காவலுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. மிகப்பெரிய துன்பம் ஒன்றுக்கு ஒரு பூனை மருந்தானதை வாசிக்கும்போது, பூனைக்குட்டியைச் சட்டைக்கையில் சுமந்து திரிந்த நபித்தோழர் அபூஹுரைராவின் பெயரைக் கேட்டு வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் உள்ளம் இளகும்.

ரூத் பாவ் சார்ந்த சபைக்கு அங்கி கிடையாது. பிரெஞ்சுப் புரட்சியின்போது மடங்கள் ஒடுக்கப்பட்ட நாளில், அடையாளமில்லாமல் வாழத் தொடங்கிய சபை அது. ஆகவே கராச்சித் தெருவில் அவர் சல்வார் கமீஸும் துப்பட்டாவும் அணிந்து நடந்தார். அவரோடு ஆரம்பத்திலேயே கைகோத்தவர் தோல்நோய் வைத்தியரான ஸரீனா ஃபஸல்பாய் என்ற முஸ்லிம் பெண். பலுசிஸ்தானின் குகைகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் ஒளித்துவைக்கப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போனார் ரூத் பாவ். 1988-இல் பாகிஸ்தான் குடியுரிமை பெற்றார். 1996-இல் அந்நாட்டில் தொழுநோய் கட்டுப்பாட்டுக்குள் வந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2017-இல் அவர் இறந்தபோது முஸ்லிம் நாடொன்று கன்னி ஒருத்தியின் பெட்டியைத் தன் கொடியால் போர்த்தி, அரச மரியாதையோடு அடக்கம் செய்தது.

எங்கள் பக்கத்தில் தொழுநோய் என்றால் தொழுநோய் வைத்தியசாலைக்குப் பேர்போன மட்டக்களப்பு வாவியின் மாந்தீவு நினைவுக்கு வரும். அது பழங்கதை என்று நினைத்துக்கொள்கிறோம். அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்தில் இந்த நோய் இன்றும் புதிதாகக் கண்டறியப்படுகிறது, பிள்ளைகளிடமும். பிள்ளையின் உடலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தெரிந்தால், சோதிக்கும் முறை மிகவும் மென்மையானது. பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் தேமலைத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று விரலால் காட்டச் சொல்வார்கள். சரியான இடத்தைக் காட்டாவிட்டால் சந்தேகம். மருந்து அரசாங்கத் தோல்நோய்க் கிளினிக்கில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ விழுங்கினால் குணமாகும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும், பிள்ளை பாடசாலைக்குப் போகலாம்.