ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த பையன்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலை மூன்று முறை படித்திருக்கிறேன். முதல் முறை கல்லூரி விடுதியில், எல்லாரும் படிக்கிறார்களே என்று. இரண்டாவது முறை மெல்பர்னில், என் பழைய சுபாருவுக்கு நானே ஸ்பார்க் பிளக் மாற்றிய வாரத்தில். மூன்றாவது முறை போன மாதம், காரைக்காலில், மாமா வீட்டுத் திண்ணையில். சொல்ல வந்தது மூன்றாவது வாசிப்பைப் பற்றி. ஆனால் இரண்டாவதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

பிளக் மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கலாம். சாதாரண நாலு சிலிண்டர் காரில் அது வேலையே இல்லை. பானெட்டைத் திறந்தால் இன்ஜின் நிமிர்ந்து நிற்கும், தலையில் கொண்டை ஊசி செருகியது மாதிரி பிளக்குகள் மேலேயே இருக்கும். அரை மணி நேரம். என்னுடையது ஃபாரஸ்டர் எக்ஸ்டி, டர்போ வைத்த பாக்ஸர் இன்ஜின். பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டரும் படுத்துக் கிடக்கும். எதிரெதிர் பிஸ்டன்கள் குத்துச்சண்டைக்காரன் முஷ்டி மாதிரி ஒரே நேரத்தில் வெளியே வந்து உள்ளே போகும், பெயர் அதனால்தான். கார்ல் பென்ஸ் 1890களில் போட்ட கணக்கு, சுபாரு 1966லிருந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கனம் தாழ்வாக இருப்பதால் வளைவில் வண்டி சாயாது. ஓட்டுகிறவனுக்குச் சுகம். பிளக் மாற்றுகிறவனுக்கு நரகம். பிளக்குகள் பக்கவாட்டில், வண்டியின் இரும்புச் சட்டத்தைப் பார்த்தபடி ஒளிந்திருக்கும். நடுவே ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடம்.

ஒரு பக்கம் பேட்டரியைக் கழற்றினேன். மறுபக்கம் ஏர் ஃபில்டர் பெட்டி. பிறகு காயிலை இழுக்க வேண்டும். பிளக் குழிக்குள் முதலில் சாக்கெட்டை மட்டும் இறக்கி, அதன்மேல் எக்ஸ்டென்ஷனை மாட்டி, அப்புறம்தான் ராட்செட். வெளியிலேயே மொத்தமாகக் கோத்துக்கொண்டு போனால் சட்டத்தில் முட்டி உள்ளே போகாது. கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரல்தான் பார்க்கணும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், ஏனென்றால் ஹெட் அலுமினியம். சூட்டோடு கழற்றினால் மரையும் சேர்ந்து வந்துவிடும். போடும்போது இறுக்கம் 21 நியூட்டன் மீட்டர். டர்போ வண்டிக்கு இன்னொரு வம்பு உண்டு. சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கூடக்கூட, பொறி இடைவெளியைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் சும்மா நிற்கும்போது ஒழுங்காக இருக்கும், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் திக்கும். என் வண்டியும் மேடு ஏறும்போதுதான் திக்கியது.

சனிக்கிழமை காலை தொடங்கி மதியம் தாண்டிவிட்டது. இரண்டு முட்டியில் தோல் போனது. அன்றிரவு பிர்சிக்கைத் திரும்ப எடுத்தேன். ஒவ்வொரு வரியும் எனக்காக எழுதியதுபோல இருந்தது. பொறுமை, கவனம், அக்கறை. வண்டியும் அதைப் பழுதுபார்க்கிற மனசும் வேறுவேறல்ல என்ற கொள்கை. நான் ஏதோ ஞானம் அடைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், நீங்களும் முதல்முறை தனியாக பிரியாணி செய்த இரவில் இப்படித்தான் இருந்திருப்பீர்கள்.

1974ல் வந்த புத்தகம். நூற்றிருபதுக்கு மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பியது, பிறகு லட்சக்கணக்கில் விற்றது. அப்பாவும் மகனும் மோட்டார்சைக்கிளில் அமெரிக்காவின் மேற்குக்குப் போகிறார்கள். கூடவே நண்பன் ஜானும் அவன் மனைவியும், ஒரு பிஎம்டபிள்யூவில். அதுவும் பாக்ஸர்தான், இரண்டு சிலிண்டர். ஜானின் ஹேண்டில்பார் வழுக்குகிறது. பீர் டப்பாவின் தகரத்தில் ஒரு துண்டு வெட்டிச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. ஜானுக்கு முகம் சுருங்குகிறது: என் பிஎம்டபிள்யூவில் பீர் டப்பாவா? இந்த ஒரு சின்னச் சம்பவத்திலிருந்து உலகத்தைப் பார்க்கும் இரண்டு விதங்களை பிர்சிக் பிரித்தெடுக்கிறார். அழகைப் பார்க்கிறவன், அமைப்பைப் பார்க்கிறவன். புத்தகத்தின் ஆகச்சிறந்த இடம் இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

போன மாதம் மாமாவுக்கு இதைக் கதையாகச் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் நிரவி பக்கம் பட்டறை வைத்திருந்தவர். இப்போது பட்டறை இல்லை. பீர் டப்பா கதையைக் கேட்டுவிட்டு, "தகரம் வச்சா என்னடா, வண்டி ஓடணும்ல?" என்றார். அவருக்கு அதில் தத்துவமே தெரியவில்லை. உப்புக்காற்றில் எல்லா போல்ட்டும் துருவேறும் இந்த ஊரில், சாயங்காலத்துக்குள் வண்டியை ஓட்டுநரிடம் கொடுத்தாக வேண்டியவருக்கு, ஜானின் அருவருப்பும் கதைசொல்லியின் பெருமிதமும் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கும். இரண்டு பேருமே விடுமுறையில் போகிறவர்கள்.

அடுத்து, பிர்சிக்கின் வண்டியைக் கெடுத்த பட்டறையைப் பற்றிச் சொன்னேன். ரேடியோ அலறுகிறது, பையன்கள் அரட்டை அடித்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கக்கூட நிற்காமல் பழுது இன்னதென்று தீர்மானிக்கிறார்கள். உளியும் சுத்தியலும் வைத்து அடித்து இன்ஜினின் இறக்கைகளை உடைக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் எண்ணெய் போகும் வழியில் ஒரு சின்ன பின் உடைந்திருந்தது, அவ்வளவுதான் கோளாறு. அக்கறையற்ற வேலைக்கு பிர்சிக் காட்டும் உதாரணம் இந்தப் பையன்கள். இதைப் படித்தவர்கள் எல்லாரும் அவர்கள்மேல் கோபப்படுவார்கள். நானும் இரண்டு வாசிப்பில் கோபப்பட்டேன்.

மாமா கேட்டார்: "அந்தப் பசங்களுக்கு என்ன வயசு? அன்னிக்கு எத்தன வண்டி நின்னுச்சு?"

எனக்கு என்னமோ செய்தது. ஏனென்றால் அந்தப் பையன் நான்தான்.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் மாமா பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். ஒரு வாடகைக் கார். பிளக்கைச் சுத்தம் செய்து திருப்பி மாட்டச் சொல்லிவிட்டு மாமா வெளியே போயிருந்தார். காரைக்கால் பண்பலையில் பாட்டு. பிளக்கை விரலால் சுற்றாமல் நேரே ஸ்பேனரை வைத்து முறுக்கினேன். கொஞ்சம் இறுக்கமாகப் போனது. இறுக்கம் நல்லதுதானே என்று இன்னும் முறுக்கினேன். மரை மாறி ஏறிவிட்டது. அலுமினிய ஹெட், மொத்த மரையும் வழித்துக்கொண்டு வந்தது. ஹெட்டைக் கழற்றி நாகப்பட்டினத்தில் லேத்துக்குக் கொண்டுபோய் புஷ் போட்டு வர மூன்று நாள். மூன்று நாள் வாடகையை மாமா தன் கையிலிருந்து கொடுத்தார். கார்க்காரரிடம், "நாந்தாங்க அவசரத்துல மாத்தி ஏத்திட்டேன்" என்றார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் அரை அடி பெட்ரோல் டியூபை வெட்டிக் கொடுத்தார். பிளக்கின் பீங்கான் முனையில் டியூபைச் செருகு, டியூபைப் பிடித்துச் சுற்று. மரை சரியாகப் பிடித்தால் பிளக் உள்ளே போகும். மாறிப் பிடித்தால் டியூப் வழுக்கும், பிளக் திரும்பாது. தப்பு செய்யும் அளவுக்கு டியூபுக்குப் பலம் கிடையாது. மெல்பர்னில் அந்த இருட்டுச் சந்துக்குள் நான்கு பிளக்கையும் நான் ஏற்றியது இந்த டியூபால்தான். ஞானம் என்று நான் அன்றிரவு நினைத்தது பிர்சிக் கொடுத்ததே இல்லை. அது மூன்று நாள் டாக்ஸி வாடகை கொடுத்து வாங்கியது, அதையும் வேறொருவர் கொடுத்தார்.

பிர்சிக்கின் புத்தகத்தில் எனக்கு இப்போது இடறுவது இதுதான். தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறவனின் அக்கறையை இவ்வளவு நுட்பமாக எழுதியவர், கூலிக்குப் பார்க்கிறவன் அக்கறையை எங்கே, யாரிடம், யார் செலவில் கற்கிறான் என்று கேட்கவே இல்லை. அக்கறை அவரிடம் ஒரு மனநிலை. இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் ரேடியோ கேட்கும். மத்தேயு கிராஃபோர்ட் 2009ல் 'ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்' எழுதினார். ரிச்மண்டில் மோட்டார்சைக்கிள் பட்டறை நடத்தியவர். பழைய ஹோண்டா ஒன்றில் மணிக்கணக்காகத் தோண்டிவிட்டு, இதற்கெல்லாம் வாடிக்கையாளரிடம் எப்படிக் கூலி கேட்பது என்று அவர் தவிக்கும் பக்கங்கள் பிர்சிக்கிடம் இல்லாதவை. ஆனால் அவரும் அந்த ரேடியோ பையன்களை பிர்சிக்கின் கண்ணாலேயே பார்க்கிறார்.

தமிழில் இதற்கு ஒரு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. மயிலாடுதுறைக்காரரான சா. கந்தசாமியின் 'சாயாவனம்', ஆலை கட்டக் காட்டை அழிக்கும் வேலையையே நாவலாக்கியது. வெட்டுவதும் எரிப்பதும் பக்கம் பக்கமாக வரும், கூலிக்கு வந்தவர்களும் வருவார்கள். அந்தக் கண் பட்டறைக்குள்ளும் போயிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

புத்தகத்தை மூடிவைத்த பிறகும் மாமா விடவில்லை. "அந்தப் பசங்களுக்கு அப்புறம் யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களாமா?"

பிர்சிக் தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார் என்றேன்.

"சரிதான்" என்று சொல்லிவிட்டு மாமா டீ போட எழுந்தார்.