சித்திரப் படமும் நம் சிறுவரும்

கார்ட்டூன் படத்தைப் பற்றி ஒரு விமர்சனக் கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். காவியமும் நாடகமும் நாவலும் ஆராயப்பட வேண்டிய ஏட்டில், குழந்தைகள் வாய்பிளந்து பார்க்கும் பொம்மைப் படத்துக்கு இடமேது என்று கேட்பார்கள். கேட்கட்டும். நம் வீடுகளில் காவியம் படிக்கப்படுவது ஆண்டுக்கு எத்தனை நாள், கார்ட்டூன் ஓடுவது நாளுக்கு எத்தனை மணி என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதுதான் காவியம், அதுதான் நாடகம். அதனை ஆராயாது விட்டுவிட்டு, அக்குழந்தை வளர்ந்த பின்னர் கையில் குறளைக் கொடுத்து மானத்தைப் பற்றி உபதேசிப்பதனால் ஆவதென்ன?

ஜார்ஜ் டவுனில், டத்தோ கெராமட் சாலைக்கு அருகே ஒரு வீட்டு மாடியில், ஞாயிறு மாலைகளில் நாங்கள் நால்வர் கூடுவது வழக்கம். ஒருவர் கெடாவில் தோட்டப் பள்ளி ஒன்றில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்ற வாத்தியார். ஒருவர் பட்டர்வொர்த்தில் துறைமுக வேலை பார்க்கும் தோழர். மூன்றாமவர் கணினியில் சித்திரம் வரையக் கற்று, அதனையே தொழிலாகக் கொண்ட இளம்பெண். நான்காமவன் இதை எழுதுகிறவன். படம் ஒன்றைப் பார்ப்பது, தேநீர் அருந்துவது, பிறகு சண்டை பிடிப்பது, இவையே எங்கள் கூட்டத்தின் விதிகள். தலைவர், காரியதரிசி, சந்தா என்னும் தொல்லைகள் கிடையா.

வாத்தியாரின் விருப்பப்படி அண்மையில் நாங்கள் பார்த்தது, 1945-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானில் வெளிவந்த 'மோமொதாரோ: கடலின் புனித வீரர்கள்' என்னும் படம். கடற்படை அமைச்சின் உத்தரவின் பேரில் மிட்சுயோ செயோ என்பவர் இயக்கியது; 74 நிமிஷம் ஓடுவது; அந்நாட்டின் முதல் முழுநீளச் சித்திரப் படம் என்று பெயர் பெற்றது. பீச் பழத்தினின்று பிறந்த மோமொதாரோ என்னும் சிறுவன், நாயும் குரங்கும் ஒரு காட்டுப் பறவையும் துணைவர, அரக்கர் தீவுக்குச் சென்று வென்று வந்தான் என்பது ஜப்பானியப் பாட்டிமார் சொல்லும் பழங்கதை. இப்படத்தில் மோமொதாரோ படைத்தளபதி. விலங்குகள் அவனுடைய சிப்பாய்கள். அரக்கர்களோ தலையில் கொம்பு முளைத்த, ஆங்கிலம் பேசும் வெள்ளையர். அவர்கள் மேசையெதிரே அமர்ந்து நடுநடுங்கிப் பணியும் காட்சி, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் யமஷிட்டாவிடம் சரணடைந்ததை மனத்திற்கொண்டு வரைந்தது. யுத்தத்துக்குப் பின் அழிந்ததென்று கருதப்பட்ட இப்படம் 1983-இல் அதன் கம்பெனிக் கிடங்கிலேயே அகப்பட்டது. 2016-இல் புதுப்பிக்கப்பட்டுக் கான் படவிழாவிலும் காட்டப்பட்டது.

கொம்பு முளைத்த வெள்ளையரைக் கண்டதும் துறைமுகத் தோழர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவரைக் குறை கூற இயலாது. 1941 டிசம்பரில் வெள்ளையரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிவிட்டு, ஏனையோரைக் குண்டுக்கு இரையாக விட்டுப்போன ஆட்சியல்லவா அது! கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கி, இந்நகரில் எதிர்ப்பில்லை என்று வானொலியில் அறிவிக்கும் பொறுப்பு 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' ஆசிரியர் சரவணமுத்து என்னும் தமிழர் தலையில் விழுந்தது. ஆகவே அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆனால் படம் அச்சிரிப்பை வைத்துக்கொண்டு வேறொரு காரியம் செய்கிறது.

படத்தில் அழகில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிப்பாய்க் குரங்கு விடுமுறையில் ஊர் திரும்புகிறது. மலைச்சாரல், ஓடை, தம்பியின் ஓட்டம் எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. காற்றில் வெண்பஞ்சு போன்ற பூவிதைகள் மிதந்து இறங்குகின்றன. அதைப் பார்த்து நிற்கும் குரங்கின் நினைவில் பாராசூட்டுகள் விரிகின்றன. இவ்வளவு மென்மையாகப் போரைச் சொன்ன சித்திரக்காரன் கைதேர்ந்தவன் என்பதில் ஐயமில்லை. ஒஸாமு தெஸூகா தம் பதினாறாம் வயதில் ஓஸாகா நகரில் இதைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, தாமும் சித்திரக்காரராவதென்று உறுதி பூண்டார் என்பர். பிற்காலத்தில் ஜப்பானியச் சித்திரக் கலைக்கே தந்தையெனப் போற்றப்பட்டவர் அவர்.

நிற்க. அக்குளிர்ச்சியான கையே அடுத்துத் தெற்குத் தீவுக்கு வருகிறது. அங்கே காட்டு விலங்குகள் கூட்டங்கூட்டமாக மரம் சுமந்து, மண் வெட்டி, ஜப்பானியருக்கு விமானத்தளம் கட்டுகின்றன. எல்லா முகத்திலும் சிரிப்பு. பிறகு நாய் வாத்தியாராக நின்று அவ்விலங்குகளுக்கு ஜப்பானிய அரிச்சுவடி கற்பிக்கிறது. முதலில் அவை அடங்காமல் கூச்சலிடுகின்றன. யாரோ மௌத் ஆர்கன் வாசிக்கத் தொடங்கியதும் பாடம் பாட்டாகிறது, பாட்டு வேலையாகிறது, துணி துவைப்பதும் சமைப்பதும் அதே மெட்டில் நடக்கின்றன. ஆளவந்தவன் விலங்கேயாயினும் சீருடை தரித்திருக்கிறான். ஆளப்படுகிறவன் உடையற்ற காட்டு விலங்கு. இதுதான் நம் பக்கத்து மண்ணைப் பற்றி அவர்கள் வரைந்த சித்திரம்.

அந்தப் பாட்டு ஓடும்போது வாத்தியார் தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் அப்பா சாகும்வரை பத்து வரைக்கும் ஜப்பானில் எண்ணுவார். இச்சி, நீ, சான், சி, கோ... தூக்கத்திலும் எண்ணியிருக்கிறார்" என்றார்.

அவருடைய தந்தையார் 1943-இல் கெடாத் தோட்டமொன்றிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். காலையிலும் மாலையிலும் வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை எடுப்பார்களாம். தன் எண்ணைத் தவறிச் சொன்னவனுக்குக் கன்னத்தில் விழும். அந்த ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து அங்குக் கொண்டுபோகப்பட்ட தொழிலாளர் 75,000-க்கு மேற்பட்டோர். அவர்களிற் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியிலும் புண்ணிலும் பட்டினியிலும் மாண்டு திரும்பாதோர் பல்லாயிரவர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குப் பின் மௌத் ஆர்கன் பாட்டோடு இப்படம் டோக்கியோவில் வெளிவந்தது.

துறைமுகத் தோழர் சமாதானமாகப் பேசினார்: "ஐயா, அது யுத்தப் பிரசாரம். கடற்படை பணம் போட்டு எடுத்தது. அதில் உண்மையை எதிர்பார்த்தால் யார் குற்றம்?"

இதற்குச் சித்திரம் வரையும் தோழியார் சொன்ன பதில்தான் எங்களை நெடுநேரம் பேச வைத்தது. "பிரசாரப் படம் காமிராவாலும் எடுக்கலாம் அண்ணா. ஆனால் பட்டினி கிடக்கிறவனை நிறுத்திச் சிரிக்கச் சொல்லிக் காமிராவில் எடுத்தால், அவன் விலா எலும்பு காட்டிக் கொடுத்துவிடும். சித்திரத்தில் நான் வரைந்தால்தான் விலா எலும்பு உண்டு. ஒரு நொடிக்கு 24 சட்டம். அத்தனையிலும் தானாக வந்து விழுந்த கோடு ஒன்றுகூடக் கிடையாது. நடை, மூக்கு, எப்போது சிரிப்பான், எதற்குப் பயப்படுவான், எல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்தது."

இவ்வளவு எளிய உண்மையை நம் விமர்சகர் யாரும் கருதாமற் போனது வியப்பே. சினிமாவில் நடிகன் இயக்குநருக்குத் தெரியாமலே தன் மனிதத் தன்மையைக் கொஞ்சம் உள்ளே கடத்திவிடுகிறான். கோமாளி வேஷக்காரன் கண்ணில் ஒரு கணம் சோகம் தட்டிவிடும். சித்திரப் பாத்திரத்துக்கு அந்தக் கள்ள வழி இல்லை. ஆனபடியால் நடிகனிடம் கேளாத கேள்வியைச் சித்திரத்திடம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அப்படத்தின் இறுதியில் ஜப்பானியக் குட்டி விலங்குகள் மரத்திலேறிப் பாராசூட் விளையாட்டு விளையாடுகின்றன. தரையில் அமெரிக்காவின் வரைபடம் கீறப்பட்டிருக்கிறது, அதன்மேல் குதிக்கின்றன. படம் எடுத்தவர்களே தம் படத்துக்கு வைத்த பரீட்சை அது. பார்த்த குழந்தை மறுநாள் தெருவில் என்ன விளையாடுகிறது? இதைக் கேட்டதும் தோழியார் தம் அண்ணன் மகனைப் பற்றிச் சொல்லலானார். அவனுக்கு வயது எட்டு. அடுக்குமாடி வீட்டின் கீழே மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாய்க் கூடி 'போபோய்பாய்' விளையாடுகிறார்கள். தினமும் அவனுக்கு ஒரே வேஷம். அவன் வாய் திறப்பதற்குள், "நீ கோபால்" என்று தீர்ப்பாகிவிடுகிறது. ஒருநாள் மாடியேறி வந்து, "அத்தை, நான் ஒரு தடவையாவது மின்னல் வீசக் கூடாதா?" என்று கேட்டானாம்.

அறியாதவர்களுக்குச் சொல்லி வைப்போம். 'போபோய்பாய்' 2011-இல் தொடங்கிய மலேசியத் தொடர். நாயகன் மின்னலையும் காற்றையும் மண்ணையும் ஏவுகிற சிறுவன். யாயா, யிங், கோபால் ஆகியோர் நண்பர்கள்; கோபால் இந்திய வம்சாவளிப் பையன். பயந்தவன், தின்பண்டப் பிரியன், விகடன். அவனுக்கும் ஓர் ஆற்றல் அளிக்கப்பட்டது. தொடக்கத்தில் அது என்ன? எப்பொருளையும் உணவுப் பண்டமாக மாற்றுவது!

துறைமுகத் தோழர் கோபாலுக்கு வக்காலத்து வாங்கினார். கோபால் இல்லையேல் அத்தொடர் உப்பில்லாக் கஞ்சி என்றார். எல்லா இனத்துப் பிள்ளைகளும் அவனை நேசிக்கிறார்கள். அவன் பயந்தும் நண்பனை விட்டு ஓடிவிடுவதில்லை. பயமில்லாதவன் வீரத்தைக் காட்டிலும் பயந்தவன் உடன் நிற்பதே பெரிது என்றார். இதில் உண்மையிருக்கிறது, நாமும் மறுக்கவில்லை. மேலும் அவர் கேட்ட கேள்வி நம்மைச் சுட்டது: "கறுத்தவனையும் பருத்தவனையும் கோமாளியாக்கியது தமிழ் சினிமா இல்லையா? நம் வீட்டில் கற்றதைத்தானே அடுத்த வீட்டுக்காரன் வரைகிறான்?"

2007-இல் வந்த 'உப்பின்-இப்பின்' தொடர் இதனினும் பொறுமையான கண்ணுடையது. கிராமத்துப் பிள்ளைகளின் சிறு ஆசை, சிறு பொய், சிறு சண்டை இவற்றை அவசரப்படாமல் காட்டுவதில் அதற்கு இணை இங்கே வேறில்லை. ஜார்ஜித் என்னும் சீக்கியச் சிறுவன் வாயில் மலாய்ப் பந்துன் செய்யுளை வைத்தது ஓர் அருமையான யோசனை. மொழி எவன் வாயிலும் சொந்தமாகும் என்பதை உபதேசமின்றிச் சொல்லிவிட்டது. கடை வைத்திருக்கும் முத்து நம்மவர். அவர் மகன் ராஜூ. 2009-இல் இவர்களை வைத்து எடுத்த 'கெங்' என்ற முழுநீளப் படத்தில் ராஜூ விலங்குகளோடு பேசத் தெரிந்தவன். இதை இழிவென்று நாம் சொல்லப் புகவில்லை. இந்நாட்டில் மாடு வளர்த்துப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் நம்மிற் பலர். ஆயினும் சமையல், கடை, மாடு என்ற மூன்று திண்ணைகளிலேயே நம் பையனை உட்கார்த்தி வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. கெட்ட எண்ணம் இங்கில்லை, பழக்கம் இருக்கிறது. ஜப்பானியக் கடற்படையையும் நம் நாட்டுக் கலைஞரையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி. அங்கே பொய் சொல்லத் தீர்மானித்தார்கள். இங்கே யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை, முன்பு கண்ட உருவமே கைக்கு வந்துவிட்டது.

நம்மவர் கையில் கருவி கிடைத்தபோது நாம் வரைந்தது என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2014-இல் வெளிவந்த 'கோச்சடையான்' நடிகரின் அசைவைக் கருவியாற் பதிந்து சித்திரமாக்கிய படம். அதில் கிடைத்தது ஏற்கெனவே சுவரொட்டிகளில் நிறைந்திருக்கும் ஒரு நட்சத்திரத்தின் முகம், அரசர், படை, வாள். வெறுங்காகிதத்தில் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்ற சுதந்திரம் கிடைத்தும் மறுபடி ராஜா வேஷந்தானா என்று வாத்தியார் அலுத்துக்கொண்டார். அதற்குமேல் அப்படத்தைப் பற்றி எங்கள் மாடியில் பேச்சில்லை.

இந்நாட்டுச் சித்திரப் படத்தின் தொடக்கத்தை நம் இளைஞர் அறிந்திருக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. 'ஹிகாயத் சங் கன்சில்' என்ற குறும்படம் 1983-இல் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் பிலிம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர். அவர் குலம் கோத்திரம் விசாரிப்பது நம் வேலையன்று, பெயரே போதும். அவர் எடுத்துக்கொண்ட நாயகன் மலாய் நாட்டுக் கதைகளில் வரும் சருகுமான், முயலளவே உள்ள பிராணி. புலியையும் முதலையையும் மதியால் ஏமாற்றிப் பிழைக்கும் கதைகள் அதற்குண்டு. ஜப்பானியப் படத்திலும் காட்டு விலங்குகள்தாம், இதிலும் காட்டு விலங்குதான். ஆனால் இந்தச் சருகுமானைப் பிடித்து அரிச்சுவடிப் பாட்டுக்கு மரம் சுமக்கச் செய்ய எவராலும் இயலாது. சுமப்பதுபோல் போக்குக் காட்டி, சுமையை அதிகாரியின் முதுகில் ஏற்றிவிட்டு ஓடிவிடும்!

தோழியாரின் அண்ணன் மகனை அடுத்த வாரம் அழைத்துவந்து இதைக் காட்டுவதென்று தீர்மானித்தோம். புறப்படும் நேரத்தில் வாத்தியார் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். தம் தந்தையார் வரிசையில் நின்று எண் சொல்லும் காட்சியை வரைய முடியுமா, ஒரு நிமிஷம் ஓடினால் போதும் என்றார். தோழியார் மனக்கணக்குப் போட்டார். ஒரு நிமிஷத்துக்கு 1,440 சட்டம். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தினாலும் 720 சித்திரம். வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்தால் ஆறு மாதமாகும். "ஆகட்டும் ஐயா, ஆனால் அவர் முகம் எனக்குத் தெரியாதே" என்றார். சயாமிலிருந்து திரும்பிய அடுத்த ஆண்டு, தோட்ட லயத்தின் முன்னே நின்று எடுத்த புகைப்படம் ஒன்று வாத்தியார் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு எடுத்துவருகிறார்.