சர்ப்பகந்தா: வேரும் அளவும்

மூலிகை வேரிலிருந்து ஒரு சேர்மத்தை மட்டும் பிரித்து மாத்திரையாக்குவது சரியா, வேரை முழுசாக அரைத்துக் கொடுப்பது சரியா? நம் மருத்துவ வட்டாரங்களில் ஓயாமல் நடக்கும் வழக்கு இது. பிரித்தால் வேரின் சமநிலை கெட்டுவிடும், பக்கவிளைவு வருவதே அதனால்தான் என்பது ஒரு தரப்பின் வாதம். இதில் விசாரிக்க சர்ப்பகந்தாவைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. அந்த வேர் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறது.

பீகாரில் அதைப் பைத்தியத்துக்கு மருந்து என்று சொல்லியே விற்றார்கள். அழுகிற குழந்தையைத் தூங்கவைக்கவும் தாய்மார் கொடுத்தார்கள். பாம்புக்கடிக்கும் அதே வேர்தான். அது பாம்பைப்போல நெளிந்து கிடப்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இதில் மனக்கொந்தளிப்பையும் தூக்கத்தையும் பற்றிச் சொன்னது சோதனையில் நின்றது. விஷமுறிவு நிற்கவில்லை. மரபைப் போற்றுகிறவர்கள் முதலாவதை மட்டும் சொல்வார்கள், கேலி செய்கிறவர்கள் இரண்டாவதை மட்டும்.

1931-இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் ரத்த அழுத்தத்தையும் மனநோயையும் தணிப்பதாக எழுதினார்கள். அதே ஆண்டு டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அதிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குத் தன் புரவலர் ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949-இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளின் அனுபவத்தை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்ட பிறகுதான் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் இந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தது. இந்தியர்கள் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்ததற்கு அன்றுதான் மதிப்பு வந்தது என்பது எரிச்சலூட்டும் செய்தி. ஆனால் பிரித்ததனால் என்ன கிடைத்தது என்பதை அந்த எரிச்சல் மறைத்துவிடக் கூடாது.

கிடைத்தது அளவு. அமெரிக்க மருந்துத் தரநூல் சர்ப்பகந்தா வேரில் ரெசர்பின் வகைச் சேர்மங்கள் குறைந்தது 0.15 விழுக்காடு இருக்க வேண்டும் என்றது. அப்படியானால் 200 மில்லிகிராம் வேர்த்தூளில் 0.3 மில்லிகிராம். சத்து இருமடங்கு உள்ள வேராக அமைந்தால் அதே தூளில் 0.6. ரத்த அழுத்தத்துக்கு இன்று சொல்லப்படும் அளவோ நாளைக்கு 0.1 முதல் 0.25 மில்லிகிராம்தான். வேர்ப்பட்டையில்தான் சத்து அதிகம். பட்டை உரிந்துபோன வேரும் உரியாத வேரும் ஒன்றல்ல. எந்த மண், எத்தனை வயது என்பதைப் பொறுத்தும் மாறும். இத்தனை ஏற்ற இறக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘இயற்கையின் சமநிலை’ என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. நரம்பு முனைகளில் செரட்டோனின், டோபமின் போன்றவை சேமிக்கப்படுவதை ரெசர்பின் தடுக்கிறது, சேமிப்பு தீர்ந்துபோகிறது. ரெசர்பின் கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களை, டோபமினாக மாறும் எல்-டோபாவை ஊசி போட்டு எழுப்பினார் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன். 1957-இல் வெளிவந்த அந்தச் சோதனைதான் பார்க்கின்சன் நோய்ச் சிகிச்சைக்கு வழிவிட்டது. எவ்வளவு சத்து உள்ளே போனது என்று தெரியாத வேர்த்தூளை வைத்து இதைச் செய்திருக்க முடியாது.

அளவு கையில் கிடைத்ததும் நவீன மருத்துவம் அதைத் தூக்கி எறிந்ததுதான் வேடிக்கை. அமெரிக்க மனநல விடுதிகளில் நாளொன்றுக்குப் பல மில்லிகிராம் கொடுத்தார்கள். உயர் ரத்த அழுத்தக்காரர்களுக்கும் இன்றைய அளவைவிட அதிகமாகவே போனது. சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்ததாகச் செய்திகள் வர, மருந்தின் பெயர் கெட்டது. 1974-இல் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தி லான்செட் இதழில் ஆய்வுகள் வந்தன. அந்த அச்சம் பிற்பாடு பெரிதாக உறுதிப்படவில்லை. மனச்சோர்வுச் சான்றுகளே பலவீனமானவை என்றும் இப்போது சொல்கிறார்கள். இதற்கிடையில், 1967-இல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆய்வில், ரெசர்பினும் வேறு இரண்டு மருந்துகளும் சேர்ந்து கடும் ரத்த அழுத்தக்காரர்களைப் பக்கவாதத்திலிருந்தும் சாவிலிருந்தும் காத்தது பளிச்சென்று தெரிந்திருந்தது. விலை மலிந்த பழைய மாத்திரைக்காக வாதாட எந்த நிறுவனம் வரும்?

பிரித்தெடுக்கும் வழிக்கு நான் மன்னிக்காத குறை வேறு. இலையைப் பறித்தால் செடி துளிர்க்கும். வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். ராபர்ட் வுட்வர்ட் 1956-இல் ரெசர்பினை ஆய்வகத்தில் தொகுத்துக் காட்டியும், வேரிலிருந்து எடுப்பதே மலிவாக இருந்ததால் தோண்டல் நிற்கவில்லை. சாகுபடி செய்தால் வேர் தேற ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகும், விதையும் சரியாக முளைக்காது. காட்டில் தோண்டுகிறவருக்கு அந்தக் காத்திருப்பே இல்லை. 1990-இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சர்ப்பகந்தா இடம்பெற்றது. இந்தக் குறையில் மூலிகைத் தரப்பும் சம பங்காளிதான், சூரணத்துக்கும் அதே வேரைத்தான் தோண்டுகிறார்கள்.

வேர் குறைந்தால் கலப்படம் கூடும். அதே பேரினத்தைச் சேர்ந்த, வேலியோரத்தில் தானாக முளைக்கும் பாம்புக்களாவின் வேர் சந்தையில் இதோடு கலக்கிறது. அதிலும் ரெசர்பின் உண்டு, ஆனால் விகிதம் வேறு. மூக்கடைப்பு, தூக்கம், இதயத்துடிப்பு குறைவது எல்லாம் சேர்மத்தின் வேலைகள். தூளாகத் தின்றாலும் அவை வரும். ஏற்கெனவே துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், ‘இது மூலிகைதானே’ என்று மருத்துவரிடம் சொல்லாமல் இந்தத் தூளையும் சேர்த்துக்கொண்டால் ஆபத்து இரட்டிப்பு. தூளை விற்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டப்பாவின் மேல் தூளின் எடையோடு நிறுத்தாமல், இந்தத் தொகுப்பில் ரெசர்பின் எத்தனை மில்லிகிராம் என்று சோதித்து அச்சிட்டு விற்கட்டும். அதற்கான கருவியும் முறையும் இந்திய ஆய்வகங்களில் இருக்கின்றன.