காதை மூடிக் கேட்கும் கச்சேரி

ஹெட்போன் வாங்கும்போது நான் முதலில் அழுத்திப் பார்ப்பது காதுமெத்தையைத்தான். ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரம் ஓடும். காதுமடல் நசுங்கினால் தானத்திலேயே கழற்றிவிடத் தோன்றும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் வெல்வெட் மெத்தை காதைச் சுற்றி அமர்கிறது. நம் ஊர் வியர்வைக்கு ரெக்சினைவிட அது மேல். மூடிய வகை என்பதால் மின்விசிறிச் சத்தம் அடங்கி, தம்புராவின் ரீங்காரம் துலங்குகிறது. மேல்ஸ்தாயி வயலின் சற்றுக் கூசும், உண்மைதான். மிருதங்கத் தொப்பியில் விழும் கும்கிக்காக அதை மன்னிக்கலாம். மூக்குக்கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியோடே மாட்டிப் பார்க்க வேண்டும்: அதன் காம்பு இடைவெளி விட்டால் முதலில் மெலிவது அந்தக் கும்கிதான். 250 ஓம் வகைக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். எனக்கு 80 ஓம் போதும்.