பழவேற்காட்டு மாலை மையங்கள்: வராத பிள்ளைகளின் கணக்கு

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் தொண்டு நிறுவனங்கள் செய்யும் கல்விப் பணிகளில் நான் பெரிதும் மதிப்பது மாலை நேர மையத்தைத்தான். குறை சொல்ல வேண்டியிருப்பதும் அதைப் பற்றியே.

அதன் பலம் எளிமையில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்போ பட்டப்படிப்போ முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவர், சமுதாயக் கூடத்திலோ திண்ணையிலோ பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க வைக்கிறார். அப்பா விடியுமுன் வலையோடு கிளம்பிவிடுவார். அம்மா மீன்கூடையோடு சந்தைக்குப் போய்விடுவார். ஐந்தாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளை பள்ளியில் கூசிக் கடைசி வரிசையில் ஒதுங்கும். தெரு அக்காவிடம் தயங்காமல் கேட்கும். பெருந்தொற்றில் விட்டுப்போன படிப்பை மீட்க 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் இந்த வழியில்தான் சென்றது.

ஆனால் வெற்றியை எதைக் கொண்டு அளக்கிறோம்? வருகிற பிள்ளை எவ்வளவு வாசிக்கிறது என்பதைக் கொண்டு. வராத பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. ஏரி நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளைகள்தாம் பெரும்பாலும் அப்படி விடுபடுகிறார்கள். முன்பணம் வாங்கிய குடும்பம் செங்கல் சூளைக்குப் போனால் பிள்ளையும் கூடவே போகிறது. பழங்குடிச் சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகையும் எட்டாது. சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பெற்றோரோடு நடப்பதும் கல்விப் பணிதான்.

பாடத்திலும் ஒரு பெரிய வாய்ப்பு வீணாகிறது. சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள இந்த ஏரி, பருவமழையில் உப்பு குறைந்து, கோடையில் கடலைவிடவும் உப்பேறுகிறது. முகத்துவாரம் மண்மேடிட்டால் இறால் குஞ்சுகளின் வரத்தும் குறைகிறது. இதைவிட நல்ல அறிவியல் பாடம் வேறென்ன? பாடு முறையில் கணக்கும் குடிமையியலும் சேர்ந்தே இருக்கின்றன: எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்தப் பங்கு வழிவழியாகப் பட்டினவர் குப்பத்து ஆண்களுக்குத்தான். பெண்களுக்கும் இருளருக்கும் ஏன் இல்லை என்று பிள்ளைகள் அதே வகுப்பில் கேட்கட்டும். 1980களில் சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மீனவர்களின் முதியோர் கல்விக்கு அவர்களுடைய வாழ்க்கையையே பாடமாக்க முயன்றது. அந்த முயற்சி பிள்ளைகளின் மையங்களுக்கும் வர வேண்டும்.

ஏரியை விட்டு மேலேறத்தானே படிக்க வைக்கிறோம் என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எண்ணூர் அனல்மின் நிலையங்களுக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் அருகே, மீன்பாடு குறைந்துவரும் ஏரியில் எந்தப் பிள்ளையையும் கட்டிப்போட நமக்கு உரிமையில்லை. ஆனால் துறைமுக விரிவாக்கத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையை வரிவரியாக வாசித்து, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க, ஏரியும் எழுத்தும் தெரிந்தவர்கள் இந்தக் குப்பங்களிலிருந்தே வர வேண்டும்.

நிதி ஆண்டுக்கணக்கில்தான் கிடைக்கிறது, திட்டம் முடிந்தால் அக்காவின் சம்பளமும் நின்றுவிடும் என்பது பழைய சிக்கல். அதற்காகச் சூளைப் பிள்ளைகளைக் கைவிட வேண்டியதில்லை. இதே திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடிசாத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒடியா மொழியிலேயே வகுப்புகள் நடந்திருக்கின்றன. எந்த வீடு எந்தச் சூளைக்குப் போனது என்று தை மாதமே குறித்துக்கொண்டால், பழவேற்காட்டு அக்கா ஒருவரை வாரம் இரண்டு மாலையாவது அங்கே அனுப்பலாம். பேருந்துச் செலவை அடுத்த ஆண்டுத் திட்ட அறிக்கையிலேயே எழுதிக் கேட்கலாம்.