எண்ணெயும் நாவலும்: முனீபின் ‘உப்பு நகரங்கள்’

எண்ணெயைப் பற்றிய பொருளாதார நூல்கள் ஒரு நூலகத்தையே நிரப்பும். எண்ணெயைப் பொருளாகக் கொண்ட சிறந்த நாவல்களோ ஒரு தட்டுக்கும் போதா. இக்குறையைத் தீர்க்க முனைந்தவர் அப்துல் ரஹ்மான் முனீப். இவர் வெறும் கதைஞரல்லர். பெல்கிரேட் பல்கலைக்கழகத்திலே எண்ணெய்ப் பொருளாதாரத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1963இல் சவூதி அரசு இவரது குடியுரிமையைப் பறித்தது. 1984 முதல் 1989 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த ‘உப்பு நகரங்கள்’ அந்நாட்டிலே தடைசெய்யப்பட்டது.

நாவலிற் பெயர் குறிக்கப்படாத நாட்டுக்குப் பின்னே ஒரு மெய்யான வரலாறு உண்டு. 1933இல் சவூதி மன்னர் ஓர் அமெரிக்கக் கொம்பனிக்கு அறுபது ஆண்டு உரிமையை எழுதிக் கொடுத்தபோது, கடனும் வாடகையுமாக 35,000 பொற்பவுண்கள் கைமாறின. அரசுக்குரிய பங்கு தொன் ஒன்றுக்கு 4 பொற் சிலிங்குகள். 1938இலே தம்மாமில் எண்ணெய் பீறிட்டது. இலாபத்திற் சரிபாதி என்ற ஏற்பாடு 1950இலே வந்தது. கொம்பனி முழுவதும் அரசுடைமையானது 1980இலேயாம்.

இக்கணக்குகளை நன்கறிந்த முனீப், முதற் பாகத்தில் அவற்றுள் ஒன்றையேனும் எழுதவில்லை. வாதி அல்-உயூன் என்ற சோலைக் கிராமத்தவரின் கண்கொண்டே அனைத்தையும் காட்டுகின்றார். நீர் தேடி வந்தோர் என அவர்கள் நினைத்த அந்நியர், ஒருநாள் இயந்திரங்களைக் கொண்டு மரங்களை வீழ்த்துகின்றனர். மித்தப் அல்-ஹதால் ஒட்டகத்திலேறிப் பாலையில் மறைகின்றான். ஊரவர் கடற்கரை நகரான ஹரானுக்குக் கூலிகளாகச் செல்கின்றனர். அங்கே ஒட்டகங்களையும் கையளித்துவிட வேண்டியதாகிறது. திரும்பிச் செல்லும் வழியையே இழந்தவனன்றோ மூலதனத்துக்கு ஏற்ற தொழிலாளி! அமெரிக்கருக்குக் குளிரூட்டிய மனைகள். அரபுத் தொழிலாளருக்குத் தகிக்கும் கொட்டகைகள். நமது மலையகத்துத் துரை பங்களாவையும் லயத்தையும் அறிந்தோருக்கு இப்பகுதி புதிதன்று.

நாவலுக்கு மையப் பாத்திரம் இல்லை என்று அமெரிக்க எழுத்தாளர் ஜோன் அப்டைக் 1988இலே குறைகூறினார். போதிய அளவு மேற்கத்தியமயமாகாதவர் எழுதிய நாவல் என்ற தொனியும் அதில் இருந்தது. இது விமர்சனமன்று, அளவுகோலின் குறை. ஒரு சமுதாயம் முழுவதுமே இடம்பெயர்க்கப்படும் கதையில் தனிமனிதன் ஒருவனின் அகப்போராட்டத்தை எதற்காகத் தேடுதல் வேண்டும்? வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கும் இறுதிக் கட்டத்திற் கூட்டமே பாத்திரமாகின்றது. 1953இலே சவூதி எண்ணெய்த் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தை அறிந்தவர்கள் இதனைக் கற்பனை என்று ஒதுக்கமாட்டார்கள். 1956இலே அங்கு வேலைநிறுத்தமே சட்டவிரோதமாக்கப்பட்டது.

ஆயினும் முனீபிடம் ஒரு வழுக்கல் உண்டு. பழைய சோலையை அவர் அளவுக்கு மீறி நேசிக்கின்றார். வறட்சியையும் வெளியேற்றத்தையும் மறைக்கவில்லையெனினும், அச்சமுதாயத்துக்குள்ளேயே நிலவிய ஏற்றத்தாழ்வு அழுத்தம் பெறவில்லை. சவூதி அரேபியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1962இலே என்பதை நினைத்தால், எண்ணெய்க்கு முந்திய காலத்தை இழந்த சுவர்க்கமாகக் காண்பது கடினமாகின்றது. அந்நிய மூலதனம் நல்லதொரு பழமையைக் கெடுத்தது என்பதிலும், பழைய ஒடுக்குமுறையோடு கைகோத்துக்கொண்டது என்பதே பொருத்தமான கூற்றாகும். ஹரானின் அமீர் தொலைநோக்கியிலும் வானொலியிலும் மயங்கிக் கிடக்கும் அங்கதப் பகுதிகளிலே முனீபும் இதனைத் தொட்டுவிடுகின்றார். அவையே நூலின் வலிமைமிக்க பக்கங்கள்.

எழுபதுகளுக்குப் பின்னர் அத்தகைய நகரங்களின் கட்டட வேலையையும் வீட்டு வேலையையும் சுமந்தோரிற் பெருந்தொகையினர் கேரளத்திலும் இலங்கையிலுமிருந்து சென்றவர்களே. கடவுச்சீட்டை எசமானிடம் ஒப்படைத்த அவர்களின் கதை இம்முதற் பாகத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றது.