டிப்பர் லாரியும் தலைப்புச் செய்தியும்

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே வெங்களூரில் தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஜகபர் அலி மீது டிப்பர் லாரி மோதியது. அ.தி.மு.க.வைச் சேர்ந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் அவர். அந்த வட்டாரத்துக் கல்குவாரிகளில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி அதிகாரிகளுக்கு மனு மேல் மனு கொடுத்துவந்தவர். முதலில் விபத்து என்று பேசப்பட்ட சாவு, சில நாள்களில் கொலை வழக்கானது. குவாரித் தரப்பினர் கைதானார்கள். விசாரணை சிபிசிஐடிக்குப் போனது.

2022 செப்டம்பர் 10 அன்று கரூர் மாவட்டத்தில், குவாரியை எதிர்த்த விவசாயி ஜெகநாதனும் வண்டி ஏற்றித்தான் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் ஹரியானாவின் நூஹ் பகுதியில் கனிமக் கொள்ளையைத் தடுக்கப்போன டி.எஸ்.பி. சுரேந்தர் சிங் மீது டம்பர் லாரி ஏறியது. 2018இல் மத்தியப் பிரதேசம் பிண்டில் மணல் கொள்ளையை அம்பலப்படுத்திய செய்தியாளர் சந்தீப் சர்மா லாரிக்கடியில் இறந்தார். 2012இல் அதே மாநிலத்தின் மொரேனாவில் ஐ.பி.எஸ். அதிகாரி நரேந்திர குமாரின் உயிரைக் கல் ஏற்றிவந்த டிராக்டர் பறித்தது. ஒருவன் செய்ததைச் செய்தியில் பார்த்து இன்னொருவன் செய்கிறான் என்று சொல்வதற்கு இதைவிடத் தோதான வரிசை கிடைக்காது.

ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. குவாரித் தொழிலில் கைக்கெட்டும் ஆயுதம் லாரிதான். விபத்து என்று சொல்லித் தப்பிக்கவும் அதுவே வழி. இதைக் கற்றுக்கொள்ள எவனும் பத்திரிகை வாங்க வேண்டியதில்லை.

அதற்காகச் செய்திக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று கைகழுவிவிடவும் முடியாது. குற்றம் ஆளுக்கு ஆள் பார்த்துப் பரவுவதைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் கேப்ரியல் தார்த் 1890இலேயே எழுதிவிட்டார். அமெரிக்காவில் துப்பாக்கியால் கூட்டக்கொலை ஒன்று நடந்தால், இன்னொன்று நடக்கும் வாய்ப்பு சராசரியாக 13 நாள்களுக்குக் கூடியிருக்கிறது என்று 2015இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த ஆய்வு அளந்தது கொலைகளுக்கு இடைப்பட்ட நாள்களைத்தான். எந்தக் கொலையாளி எந்தச் செய்தியைப் பார்த்தான் என்பதை அல்ல. தற்கொலை விஷயத்தில் சான்று இன்னும் வலுவானது. வியன்னா சுரங்க ரயிலில் தற்கொலைகள் பெருகியபோது, 1987இல் அங்குள்ள பத்திரிகைகள் எழுதும் முறையை மாற்றிக்கொண்டன. எண்ணிக்கை சட்டென்று இறங்கியது.

நமக்கு நெருக்கமான உதாரணம் 2016. ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் கேமரா காட்சிகள் நாள் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடின. அடுத்த மூன்று மாதங்களுக்குள் விழுப்புரம், கரூர், தூத்துக்குடி, கோவை என்று அதே சாயலில் கொலைகள். கரூரில் கல்லூரி வகுப்பறையில் நடந்தது. மறுநாளே தூத்துக்குடியில் தேவாலயத்தில். பெண்களைக் கொல்லும் ஆண்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள் என்பது உண்மை. ஒரு கொலை பெரிய செய்தியானபின் அதைப் போன்ற சின்னச் சம்பவங்களும் நம் கண்ணில் படத் தொடங்கும் என்பதும் உண்மை. இருந்தாலும், ‘ஒருதலைக் காதலால் விபரீதம்’ என்று தலைப்பிட்டு, மறுக்கப்பட்டவனின் வேதனையை விவரித்த பத்திரிகைகள் அவனுக்கு ஒரு கதாபாத்திரத்தைத் தயாரித்துக் கொடுத்தன என்றே சொல்வேன். கத்தியைக் காட்டியதைவிட அந்த நியாயத்தைக் கற்றுக்கொடுத்ததுதான் பெரிய கேடு.

ஆகவே, ஒவ்வொரு குற்றவாளிக்கும் செய்தியிடம் என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பினான். அவன் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்று அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் சொன்னது அங்கே சரியான முடிவு. அதையே திருமயத்தில் பின்பற்றினால் யாருக்கு லாபம்? இங்கே கொலையின் நோக்கமே யாரும் அதைக் கொலை என்று எழுதக்கூடாது என்பது. ஜகபர் அலி இறந்த பிறகு கனிமவளத் துறையினர் அதே வட்டாரத்துத் துளையானூர் குவாரியில் அளவெடுத்தார்கள் என்றால், செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அந்தச் செய்திகளில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. ‘லாரி ஏற்றிக் கொடூரக் கொலை’, ‘பகீர் பின்னணி’ என்ற வார்ப்பு நம் குற்றச் செய்திகளுக்குப் பழகிப்போனது. அதைப் படிக்கிறவர்களில் அடுத்த கொலையாளியை மட்டுமே நாம் கற்பனை செய்கிறோம். அடுத்து மனு எழுத உட்காரும் ஆளும் அதே பத்திரிகையைத்தான் படிக்கிறார். பொன்னமராவதியிலோ அரிமளத்திலோ இருக்கும் அவருக்கு, ஒருவர் எப்படி நசுங்கிச் செத்தார் என்ற விவரம் மட்டும் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்கிறது. கொன்றவர்கள் அவருக்குச் சொல்ல விரும்பியதும் அதுவேதான். குவாரி விவகாரத்தில், பார்த்துச் செய்யும் குற்றத்தைவிட இந்தப் பயத்துக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

அவருக்கு வேண்டிய தகவல்கள் வேறு. மனு எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது? மனு கொடுத்தவரின் பெயர் குவாரிக்காரருக்குத் தெரிந்தது எப்படி? அனுமதித்த ஆழம் எவ்வளவு, தோண்டிய ஆழம் எவ்வளவு? ஒரு நடைச்சீட்டில் எத்தனை லோடு போனது? இவற்றை விசாரித்து எழுத நாள் பிடிக்கும். சிசிடிவி காட்சி கேட்டவுடன் கிடைத்துவிடும். கொலை நடந்த மறுநாள் முதல் பக்கம் முழுக்க அதுதான். குற்றப்பத்திரிகையும் ஜாமீன் மனுவும் வரும்போது உள்பக்கத்தில் நாலு வரி கிடைத்தால் பெரிது.